புரியாமல் போனது யாருக்கு?

இரண்டு பொம்மைகள். ஒன்றின் பெயர் சாலி, மற்றதன் பெயர் ஆன். சாலி தன் கோலிக்குண்டைக் கூடைக்குள் போட்டுவிட்டு வெளியே போகிறாள். அந்த நேரம் பார்த்து ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். சாலி திரும்பி வந்ததும் குண்டை எங்கே தேடுவாள்? சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தச் சின்ன நாடகத்தைக் குழந்தைகளுக்கு நடத்திக்காட்டி, முடிவை 1985-ல் வெளியிட்டார்கள். வழக்கமான வளர்ச்சியுள்ள 27 குழந்தைகளில் 23 பேர் ‘கூடையில்தான் தேடுவாள்’ என்று சரியாகச் சொன்னார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் சரியாகச் சொன்னவர்கள் 4 பேர் மட்டுமே. மற்ற 16 பேரும் குண்டு உண்மையில் இருந்த பெட்டியைக் காட்டினார்கள். சாலிக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். ‘ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு தெரியாது’ என்ற முடிவு இங்கிருந்துதான் உலகம் சுற்றக் கிளம்பியது. பத்து வருடத்தில் பாரன்-கோஹன் அதை மனக்குருடு என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமாகவே எழுதினார். பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டன. சினிமா எடுத்துக்கொண்டது. கல்யாண வீட்டில் தள்ளி உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்லும் ஒரு வரியாகவும் அது வந்து சேர்ந்தது.

சாலியின் கூடைக்கும் பரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நிதானமாகக் கேட்டவர்கள் அப்போது குறைவு. அந்தச் சோதனையில் ஒரு குழந்தை தோற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கேள்வியின் வாக்கியமே சிக்கலானது. மொழி தாமதமாக வரும் குழந்தைக்கு அதுவே ஒரு தடை. இதைவிட முக்கியமான சான்று பத்தே வருடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகளிடம் கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் இதே வகைச் சோதனையை நடத்தினார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தோற்றார்கள். அதே காது கேளாமையோடு, சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகள் பின்னால் வந்த ஆய்வுகளில் தேறினார்கள். யார் என்ன நினைக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியாது என்பதையெல்லாம் வீட்டுப் பேச்சில் கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. அந்தப் பேச்சு எட்டாத இடத்தில் அந்தத் திறனும் தள்ளிப்போகிறது. காது கேளாதவர்களுக்குப் பரிவு கிடையாது என்று இந்த முடிவை வைத்து யாரும் எழுதவில்லை. ஆட்டிசத்துக்கு மட்டும் அப்படி எழுதினார்கள்.

அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது ஒரு வேலை. அடுத்தவர் வலியில் தானும் நோவது வேறு வேலை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதில் பெரிய குழப்பம் வந்தது. 2010-ல் ஜெஃப்ரி பேர்டும் சக ஆய்வாளர்களும், தனக்குப் பிரியமானவருக்கு வலிப்பதைப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். அந்த எதிர்வினையின் அளவை ஆட்டிசம் தீர்மானிக்கவில்லை. தன் உணர்ச்சியைத் தானே அடையாளம் கண்டு பெயர் சொல்ல முடியாத ‘அலெக்ஸிதைமியா’ என்ற இன்னொரு தன்மை தீர்மானித்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்தத் தன்மை உண்டு, மற்றவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு உண்டு என்று 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆக, ஆட்டிசம் உள்ளவர்களில் மீதிப் பாதிப்பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர்களையும் சேர்த்தே ‘உணர்ச்சி இல்லாதவர்கள்’ கணக்கில் எழுதிவைத்திருந்தோம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவர் டேமியன் மில்டன். பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. 2012-ல் ‘டிஸெபிலிட்டி அண்ட் சொசைட்டி’ ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை ‘இருபக்கப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தது. உலகத்தை வெவ்வேறு விதமாக உணரும் இரண்டு பேர் பேசும்போது புரிதல் அறுந்துபோனால், அது அந்த உறவில் நடந்த அறுப்பு. ஒருவரின் தலைக்குள் மட்டும் அதைத் தேடுவது தவறு என்பது அவர் வாதம். ஆட்டிசம் உள்ளவரால் மற்றவரைப் படிக்க முடியவில்லை என்றால், மற்றவராலும் ஆட்டிசம் உள்ளவரைப் படிக்க முடிவதில்லை. ஒரே வித்தியாசம், இரண்டாமவர் பெரும்பான்மை. அவருடைய தோல்விக்கு நோய்ப்பெயர் கிடையாது. இது மில்டனுக்கு மட்டும் தோன்றியதல்ல. 1993-லேயே அமெரிக்காவின் ஜிம் சின்க்ளேர், ‘எங்களுக்காக அழாதீர்கள்’ என்று பெற்றோருக்குச் சொன்ன புகழ்பெற்ற கட்டுரையில், குழந்தையோடு தொடர்பு கிடைக்கவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்த வழி அங்கே செல்லவில்லை என்றுதான் பொருள் என்று வாதாடியிருந்தார். மில்டன் செய்தது, அதை ஆராய்ந்து பார்க்கக்கூடிய ஒரு கோட்பாடாக மாற்றியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பக்கத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடங்கள் மெல்ல மறுபக்கமும் திரும்பின.

திரும்பிப் பார்த்தபோது கிடைத்தவை சங்கடமானவை. பிரிட்டனில் எலிசபெத் ஷெப்பர்ட் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரிடம் ஒரு ஜோக் சொல்வது, பாராட்டுவது, காக்கவைப்பது எனச் சிலவற்றைச் செய்து, அப்போது அவர் முகம் போன போக்கை வீடியோ எடுத்தார்கள். பிறகு ஆட்டிசம் இல்லாத பார்வையாளர்களிடம் அந்த முகத்தை மட்டும் காட்டி, ‘இவருக்கு என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்டார்கள். வீடியோவில் இருந்தவருக்கு ஆட்டிசம் இருந்தால் அவர்களின் ஊகம் அதிகம் தவறியது. முகத்தில் பாவம் இல்லாததாலா என்றால் இல்லை. பாவம் இருந்தது, பார்த்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. அதே வருடம் ரோசன்னா ஈடி குழுவினர் முகத்தையே எடுத்துவிட்டு, இரண்டு முக்கோணங்களை நகர்த்திக் கேலி செய்வது, நயந்து கூப்பிடுவது போன்றவற்றை நடித்துக்காட்டச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் நகர்த்திய முக்கோணங்களின் உள்நோக்கத்தை மற்றவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மனக்குருடு என்ற சொல்லை அப்படியே திருப்பி நம் மீது ஒட்டிவிடலாம் போலிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைப்பது டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் நோவா சாஸன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சில வினாடிகள் பேசும் துணுக்குகளை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லவில்லை. ‘இவர் பக்கத்தில் உட்காருவீர்களா, இவரோடு பழகுவீர்களா, இவர் வீட்டுக்கு அருகே குடியிருப்பீர்களா’ என்பவைதான் கேள்விகள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் பார்த்த மாத்திரத்திலேயே சரிந்தது. கூடுதலாகக் காட்டியும் ஏறவில்லை. குரலை மட்டும் கேட்டாலும், படத்தை மட்டும் பார்த்தாலும் அதே கதைதான். ஆனால் அவர்கள் பேசியதை அப்படியே எழுத்தில் தட்டி, குரலும் முகமும் இல்லாமல் வாசிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. பேச்சின் சரக்கில் குறை எதுவும் இல்லை. குரல் ஏறி இறங்கும் விதமும், கண் போகும் திசையும், கை அசையும் தாளமும் நமக்குப் பழகியதுபோல் இல்லை; அதற்காகவே ஆளை ஒதுக்கிவிட்டோம். அவர் மனதைப் படிக்க முயன்று தோற்றோம் என்று இதைச் சொல்ல முடியாது. படிக்கவே உட்காரவில்லை.

சரி, முன்பின் தெரியாதவர்கள் அப்படித்தான், வீட்டு மனிதர்கள் வேறு மாதிரி இருப்பார்கள் என்று தோன்றும். ப்ரெட் ஹீஸ்மனும் அலெக்ஸ் கில்லெஸ்பியும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு 22 ஜோடிகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஜோடியிலும் ஆட்டிசத்தின் ஒரு வடிவமான ஆஸ்பெர்கர் நிலை உள்ள ஒருவர், அவர் குடும்பத்தில் ஒருவர். தன்னைப் பற்றி, மற்றவரைப் பற்றி, மற்றவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைப் பற்றி என மூன்று கோணத்தில் இருவரும் தனித்தனியே பதில் சொன்னார்கள். தங்களைக் குடும்பத்தினர் குறைவாகத்தான் எடைபோடுவார்கள் என்பது ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த எடை சரி என்று மட்டும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பத்தினரோ, ‘இவன் தன் கோணத்திலிருந்து வெளியே வர மாட்டான்’ என்று அளவுக்கு மீறி நினைத்திருந்தார்கள். அடுத்தவர் கோணத்தைக் கணக்கில் எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று கேட்டால், பதில் அந்த வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுவதற்கு நேர் எதிராக இருந்தது.

நம் ஊர் மரியாதைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். விருந்துக்குப் போன இடத்தில் ‘போதும், வேண்டாம்’ என்று இலையை மறைக்கிறோம். பரிமாறுகிறவர் அதை நம்பிவிட்டால் வருத்தப்படுகிறோம். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்பது அழைப்பா, விடைகொடுப்பா என்பது சொல்லில் இல்லை, சொன்ன தொனியில் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஒருவர் இந்த வீட்டில் தடுமாறினால், அவர் மனிதர்களைப் புரியாதவர் என்று பெயர். சொல்லாததை எல்லாம் புரிந்துகொள் என்று எதிர்பார்ப்பவருக்குப் பெயரே இல்லை. கண் விஷயம் இன்னும் வேடிக்கை. பெரியவர்கள் கண்டிக்கும்போது நேருக்கு நேர் கண்ணைப் பார்த்தால் ‘என்ன முறைக்கிற?’ என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதே வீட்டுக் குழந்தை ஆட்டிசத்துக்கான சான்றிதழ் பெறப் போகும்போது, இந்திய மதிப்பீட்டு அளவுகோலான ‘இசா’வின் முதல் வரிகளிலேயே கண்ணோடு கண் பார்க்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. அந்த அளவுகோலில் மொத்தம் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 153-ஐத் தாண்டினால் கடுமையானது. சான்றிதழுக்கு ஓர் அளவுகோல் வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உறவைப் பற்றிக் கேட்கும் கூறுகளிலும் குழந்தையின் பக்கத்துக்குத்தான் மதிப்பெண். எதிரே இருப்பவர் அந்தக் குழந்தையை எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இருபக்கச் சிக்கல் என்ற கருத்து பிடித்துப்போன சிலர், ‘ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசினால் எல்லாம் தானாகவே புரிந்துவிடும்’ என்கிற அளவுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி, அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு என்று எட்டுப் பேர் சங்கிலியாகக் கடத்த வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியும் ஒரே அளவு தேறின. கலப்புச் சங்கிலியில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. மொத்தம் 72 பேர். மிக அழகான முடிவு, கொஞ்சம் அதிகமாகவே அழகானது. அதே ஆய்வாளர்கள் 311 பேரை வைத்துப் பெரிதாக மீண்டும் செய்து 2025-ல் வெளியிட்டபோது, கலப்புச் சங்கிலியின் தேய்மானம் காணாமல் போயிருந்தது. மூன்று வகைச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே அளவு செய்தியைக் கடத்தின. இதற்கு ஒரு வருடம் முன்பே லூசி லிவிங்ஸ்டன், லூகா ஹார்கிட்டாய், புனித் ஷா மூவரும், இந்தக் கோட்பாடு எதை அளக்கிறது என்பதே தெளிவாக இல்லை; புரிதல், பிடித்தம், இணக்கம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துவைத்திருக்கிறது என்று ஒரு கறாரான விமர்சனம் எழுதியிருந்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கோட்பாட்டைச் சுவரொட்டியாக்கியவர்கள் அதை வாசிக்க வேண்டும்.

ஆனால் 2025-ன் முடிவு மில்டனைக் கவிழ்த்துவிட்டது என்பது அவசர வாசிப்பு. என் வாசிப்பு வேறு. ஒரு தெளிவான வேலையைக் கொடுத்து, ‘நீ சொல், நீ கேள்’ என்று முறையும் வகுத்துவிட்டால், ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் பிசகில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். டல்லஸ் ஆய்வில் எழுத்து வடிவத்தில் வித்தியாசம் மறைந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே ஏதோ தாண்ட முடியாத மொழிப் பள்ளம் இருப்பதாகச் சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. தடை அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பேச உட்காருவதா வேண்டாமா என்று சில வினாடிகளில் எடுக்கும் முடிவு, பழக்கமில்லாத முகபாவத்தைத் தப்பாக வாசித்துவிட்டு அதைத் திருத்த முயலாத சோம்பல், இவைதான் தடை. மனங்கள் இரண்டு வகை என்ற கதையைவிட இது சாதாரணமானது. திருத்துவதற்கும் இதில்தான் வழி அதிகம்.

இதற்கெல்லாம் பெற்றோரிடமிருந்து எழும் மறுப்பு ஒன்று உண்டு. அது மிக வலுவானது. ‘இந்த ஆய்வில் வந்தவர்கள் எல்லாம் பேசத் தெரிந்தவர்கள், காலேஜ் போனவர்கள். எங்கள் பிள்ளைக்குப் பத்து வயது, ஒரு வார்த்தை வரவில்லை, ராத்திரி தூங்குவதில்லை, கையைக் கடித்துக்கொள்கிறான். இங்கே என்ன இருபக்கம்?’ ஆய்வுகளில் பேசும் பெரியவர்களே அதிகம் இருக்கிறார்கள் என்பது உண்மை. தூக்கம் கெடுவது, சத்தம் தாங்காமல் துடிப்பது, வலிப்பு வருவது, இவை எதிரே இருப்பவர் மனம் மாறினால் போய்விடக்கூடியவை என்று சொல்வது அந்தப் பெற்றோரை அவமதிப்பது. மில்டனின் வாதத்துக்கும் அது தேவையில்லை. ஆனால் தொடர்பு என்ற ஒரு விஷயத்தில், பேசாத குழந்தையிடம்தான் இருபக்கக் கணக்கு அதிகம் செல்லுபடியாகிறது. இதற்குச் சான்றும் இருக்கிறது. பிரிட்டனில் 152 சிறு குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2010-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘பேக்ட்’ பரிசோதனையில் பயிற்சி பெற்றவர்கள் பெற்றோர்கள். குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பயிற்சியாளர் உட்கார்ந்து பெற்றோரோடு சேர்ந்து பார்ப்பார். இந்த இடத்தில் குழந்தை திரும்பியது, அது கூப்பிட்ட அழைப்பு, நீங்கள் கவனிக்கவில்லை. இங்கே கவனித்தீர்கள், பாருங்கள் அது என்ன செய்தது, என்று காட்டுவார். முதலில் தெரிந்த பலன் பெற்றோரின் பதிலளிப்பில்தான். ஆட்டிசத் தீவிரத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சுமார் ஆறு வருடம் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் தீவிரம் குறைந்திருந்தது.

இந்த முறையை நம் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தி 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைக் கவனித்துப் பதில் தருவது கூடியது. குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை. இது மந்திரமும் இல்லை. ஆனால் தெரபி என்றாலே பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று மணிக்கணக்கில் பழக்குவது என்று நினைத்துக் காசைக் கொட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில், பெரியவர் தன் பார்வையை மாற்றிக்கொள்வதும் சிகிச்சைதான் என்று பரிசோதித்துக் காட்டியிருப்பது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

இன்னொரு மறுப்பு அவ்வளவு அன்பானது அல்ல. உலகம் பெரும்பான்மைக்காகத்தான் நடக்கும், நாலு பேர் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருக்கப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்பது அது. கற்றுக்கொள்கிறார்கள், அதுதான் பிரச்சினை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கையை ஆட்டாமல் அடக்கி, கண்ணைப் பார்ப்பதுபோல் நெற்றியைப் பார்த்து நாள் முழுக்க நடிக்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்துவிட்டன. பிரிட்டனில் சாரா காஸிடி குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படித் தன்னை மறைத்துக்கொள்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஒருதலையாகப் போய்க்கொண்டிருக்கும் இந்தப் பயிற்சியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. மறுதலையில் கேட்கப்படுவதோ மிகக் குறைவு. சாஸனும் கெர்ரியான் மாரிசனும் 2019-ல் பார்த்தபடி, ஒருவருக்கு ஆட்டிசம் என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டாலே முதல் பார்வை மதிப்பெண் ஏறுகிறது. ஆட்டிசத்தைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களிடம் இன்னும் நன்றாக ஏறுகிறது. விழிப்புணர்வுப் பயிற்சியைப் பற்றி மட்டும் மிகையாக நம்ப வேண்டாம். டல்லஸ் ஆய்வாளர்களே 2021-ல் அதைச் சோதித்தபோது, மக்கள் வாயால் சொல்லும் கருத்து மேம்பட்டது. அடிமனதில் ஆட்டிசத்தை விரும்பத்தகாததோடு சேர்த்துவைக்கும் பழக்கம் அசையவில்லை. உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2-ஆம் தேதி நீல விளக்கு போட்டு, ஒரு வீடியோ காட்டி, டீ கொடுத்து அனுப்பும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடிமனது மாறும்வரை காத்திருக்காமல் மாற்றக்கூடியவை நடைமுறைகள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இடங்களை ஒதுக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினருக்கென்று வைத்திருக்கிறது. தனியார் நிறுவனங்களிலும் சில இப்போது கதவைத் திறக்கின்றன. ஆனால் திறந்த கதவுக்கு உள்ளே இருப்பது ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் நேர்முகத் தேர்வு. என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என எதுவும் அந்தக் கேள்விக்குள் இல்லை. எல்லாம் கேட்பவர் மனதில் இருக்கிறது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் கேட்டி மாராஸ் குழுவினர் இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் திருத்திப் பார்த்தார்கள். எந்த அனுபவத்தைப் பற்றி, எந்தப் பகுதியை, எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதைக் கேள்வியிலேயே சொன்னார்கள். இடையில் நினைவூட்டும் துணைக் கேள்விகளைச் சேர்த்தார்கள். பதில்களை மதிப்பிட்டவர்கள் ஆளெடுக்கும் முதலாளிகள். ஆட்டிசம் உள்ளவர்களின் பதில்களுக்கு மதிப்பெண் கூடியது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் கூடியது.